எல்கேஜிக்குப் பதில் ஒரு வருடம் பூங்காவில் விடலாமா? சென்னையில் யாராவது செய்திருக்கிறீர்களா?

மாம்பலம் அம்மா:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

என் மகளுக்கு வரும் ஜூனில் மூன்றரை வயது. போன வருடம் பக்கத்துத் தெருவில் ஒரு பிளே ஸ்கூலில் சேர்த்திருந்தோம். மாடியில் இரண்டு அறை, ஏசி, சுவர் முழுக்கப் பழம், காய், மிருகம் என்று படங்கள். எல்லாப் பெயரையும் கடகடவென்று ஒப்பிப்பாள். ஆனால் எங்கள் வாசலில் நிற்கிற வேப்ப மரத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால் "மரம்" என்பாள், படத்தில் இருப்பதைக் காட்டினால்தான் "நீம் ட்ரீ" என்பாள். அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஜனவரியிலிருந்து நாங்கள் நான்கு குடும்பங்கள் சேர்ந்து, வாரத்தில் மூன்று நாள் காலை ஏழரையிலிருந்து ஒன்பதே முக்கால் வரை வீட்டுக்குப் பக்கத்து மாநகராட்சிப் பூங்காவில் பிள்ளைகளை விட்டுக்கொண்டிருக்கிறோம். ஆறு பிள்ளைகள். எங்களில் ஒருவர் ஒன்பது வருடம் மாண்டிசோரி டீச்சராக இருந்தவர், அவர்தான் முன்னால் நிற்கிறார். ஒருநாள் ஒரு செத்த கரப்பானின் இறக்கையைப் பிள்ளையார் எறும்புகள் இழுத்துக்கொண்டு போயின. என் மகள் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவள் இருபது நிமிடம் எழுந்திருக்கவில்லை. நடுவில் ஒரே ஒருமுறை வாயைத் திறந்தாள்: "அம்மா, அது கீழே போட்டுடுச்சு, இன்னொண்ணு வந்து தூக்குது." வீட்டில் ஒரு பொம்மையோடு ஐந்து நிமிடம் உட்காராத பிள்ளை.

இப்போது எங்கள் எண்ணம் இதுதான். ஜூனில் எல்கேஜி சேர்க்காமல், இதையே வாரத்துக்கு ஐந்து நாளாக்கி ஒரு வருடம் நடத்தலாமா? மாமியாருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. "பிள்ளையை மண்ணில் போட்டுப் புரட்டவா உன்னைப் படிக்க வைத்தார்கள்" என்கிறார், அவர் கவலை எனக்குப் புரிகிறது. என் கேள்விகள்: சட்டப்படி தடை உண்டா? அடுத்த வருடம் யூகேஜியில் சேர்ப்பார்களா? ஏப்ரல், மே வெயிலில் என்ன செய்வது? மழை வந்தால்? பூங்காவில் நாய் நிறைய. காவலர் ஒருவர் வேறு, "இங்கே கிளாஸ் எல்லாம் எடுக்கக் கூடாது" என்று இரண்டு முறை எழுப்பி விட்டார். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், படித்ததை வைத்துச் சொல்ல வேண்டாம்.

மகிழம்பூ:

மூன்று வருடம் அடையாறு பக்கம் இப்படி ஒரு குழுவை நடத்தியவள் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில், செய்யுங்கள். யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சட்டம் பற்றி: கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். அதற்குக் கீழே பிள்ளையை எங்கே வைத்திருப்பது என்பது உங்கள் இஷ்டம். அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புச் சேர்க்க எல்கேஜி படித்த சான்று யாரும் கேட்பதில்லை, வயதுதான் கணக்கு. தனியார் பள்ளி வேறு கதை, அதைப் பற்றி வேறு யாராவது சொல்லட்டும்.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். நாங்கள் முதல் வருடம் செய்த பெரிய தப்பு, வாரம் ஒரு இடம் என்று அலைந்தது. இன்றைக்குக் கிண்டி சிறுவர் பூங்கா, நாளைக்குச் செம்மொழிப் பூங்கா, அப்புறம் கடற்கரை. பிள்ளைகளுக்கு எல்லாமே சுற்றுலாவாகிப் போனது. வேடிக்கை பார்த்தார்கள், தின்பண்டம் கேட்டார்கள், வீட்டுக்கு வந்தார்கள். இரண்டாம் வருடம் ஒரே பூங்கா, அதிலும் ஒரே மூலை என்று வைத்துக்கொண்டோம். ஒரு மகிழ மரம், ஒரு தூங்குமூஞ்சி மரம், ஒரு பூவரசு, கொஞ்சம் வெற்று மண், அவ்வளவுதான் எங்கள் பள்ளிக்கூடம். ஒரு மாதம் கழித்து வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. "நேத்து இங்க ஓட்டை இல்ல" என்று ஒரு பையன் எறும்புப் புற்றைக் காட்டினான். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் பிள்ளை நேற்றும் அதே இடத்தில் இருந்திருக்க வேண்டும் இல்லையா.

என்ன சொல்லிக் கொடுப்பது என்று கேட்பீர்கள். காலையில் போனதும் மகிழம்பூ பொறுக்குவோம், வாழை நாரில் கோர்ப்போம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தக் குட்டிப் பூவின் நடு ஓட்டையில் நாரை நுழைப்பது பெரிய வேலை. நாக்கை வெளியே துருத்திக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு செய்வார்கள். பென்சில் பிடிக்க வேண்டிய இரண்டு விரலும் அங்கேதான் பழகின. பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுவோம். தூங்குமூஞ்சிக் காய்களைப் பத்துப் பத்தாகக் குவிப்போம். எண்ணிக்கை தானாக வந்துவிடும். ஒரு கதை, ஒரு பாட்டு, கொண்டுபோன சாப்பாடு, அவ்வளவுதான். மீதி நேரம் நீங்கள் சும்மா இருக்க வேண்டும். இதுதான் மிகவும் கஷ்டம். "அது என்ன கலர்? எத்தனை கால்?" என்று கேட்டுக் கேட்டு, எறும்பு பார்க்கிற பிள்ளையை நாமே எழுப்பி விட்டுவிடுவோம். அந்த இருபது நிமிடம் நீங்கள் வாய் திறக்கவில்லை என்று எழுதியதிலிருந்து தெரிகிறது. அதையே தொடருங்கள்.

பாதுகாப்பு: முதல் நாளே பெரியவர்கள் இருவர் மட்டும் போய் இடத்தைச் சுற்றிப் பாருங்கள். நம்மூர்ப் பூங்காக்களில் அழகுக்கென்று அரளி வைத்திருப்பார்கள். அரளி முழுக்கவே விஷம், மஞ்சள் அரளிக் காய் உயிருக்கே ஆபத்து. குன்றிமணியைக் கடித்துத் தின்றாலும் அப்படித்தான், பார்க்க அழகாக இருப்பதால் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்வார்கள். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. இவற்றைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் காட்டி, பெயர் சொல்லி, "இது பார்க்க மட்டும்" என்று பழக்கினோம். மூன்று வயதில் அது நன்றாகவே புரிகிறது. காற்று பலமாக அடித்தால் பெரிய தூங்குமூஞ்சி, மயில்கொன்றை மரங்களின் கீழ் நிற்க வேண்டாம், கிளை முறியும். 2016 வர்தா புயலில் சென்னை முழுக்க எத்தனை மரங்கள் வேரோடு சாய்ந்தன என்று பார்த்தோமே.

வெயிலுக்கு ஒரே வழி, நேரத்தை முன்னால் தள்ளுவதுதான். மார்ச் கடைசியிலிருந்து ஆறே காலுக்குப் போய் எட்டேகாலுக்குத் திரும்பினோம். கத்திரி வெயில் சமயத்தில் மொத்தமாக விடுமுறை. கழிப்பறைதான் எங்களுக்குக் கடைசிவரை தீராத பிரச்சினை. பூங்காக் கழிப்பறை பாதி நாள் பூட்டியே இருக்கும். எதிரில் குடியிருந்த ஒரு பாட்டி வீட்டில் கேட்டுக்கொண்டோம். நீங்களும் அப்படி ஒரு வீட்டை இப்போதே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காவலர் விஷயம்: "கிளாஸ்" என்ற சொல்லே அவரை உறுத்தியிருக்கும். காசு வாங்கிக்கொண்டு யோகா, கராத்தே நடத்துகிறவர்களோடு சேர்த்துப் பார்த்திருப்பார். மண்டல அலுவலகத்தில் நான்கு பெற்றோரும் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்து, ஒப்புகை வாங்கி, நகலைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது இடத்தைப் பெருக்கிவிட்டுப் போங்கள். எங்கள் பூங்காவில் தோட்டவேலை பார்த்த அம்மா மூன்றாம் மாதம் பிள்ளைகளுக்கென்று ஒரு பாத்தியை ஒதுக்கியே கொடுத்துவிட்டார். கீரை விதைத்தோம்.

ஃப்ரைபுர்க் தமிழன்:

அக்கா, நான் ஜெர்மனியில் ஃப்ரைபுர்க்கில் இருக்கிறேன். என் மகன் மூன்று வருடம் இங்கே "வால்ட்கிண்டர்கார்ட்டன்" போனான், அதாவது காட்டு மழலையர் பள்ளி. நாட்டில் இப்படி ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, அரசு அங்கீகாரத்தோடு நடக்கின்றன. டென்மார்க்கில் 1950களின் தொடக்கத்தில் ஓர் அம்மா தன் பிள்ளைகளையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் தினமும் காட்டுக்குக் கூட்டிப்போனதிலிருந்து இது பரவியது என்பார்கள். ஜெர்மனியில் 1968இல் வீஸ்பாடனில் ஒன்று தொடங்கியது, 1993இல் ஃப்ளென்ஸ்புர்கில் தொடங்கியதற்கு அரசு அங்கீகாரம் கிடைத்த பிறகுதான் வேகமெடுத்தது. அதாவது இதுவும் ஓர் அம்மா அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு ஆரம்பித்த காரியம்தான். அதனால் தயங்காதீர்கள்.

மகன் குழுவில் மூன்றிலிருந்து ஆறு வயது வரை பதினெட்டுப் பிள்ளைகள், ஆசிரியர்கள் மூன்று பேர். கட்டடம் கிடையாது. சக்கரம் வைத்த ஒரு மர வண்டி, உள்ளே ஒரு விறகு அடுப்பு, மாற்றுத் துணி. பனி பெய்தாலும் வெளியேதான். ஆனால் புயல் எச்சரிக்கை வந்தால் காட்டுக்குள் கால் வைக்க மாட்டார்கள், அதற்கென்று ஒதுக்கிய ஓர் அறைக்குப் போய்விடுவார்கள். உங்களுக்கும் அப்படி ஒரு மாற்று இடம் முதலிலேயே முடிவாகி இருக்க வேண்டும். யார் வீட்டு மொட்டை மாடியாவது, வண்டி நிறுத்துகிற இடமாவது. காலையில் ஏழு மணிக்கு மழையைப் பார்த்துக்கொண்டு நான்கு வீடும் போனில் பேசிக்கொண்டிருந்தால் குழு இரண்டே மாதத்தில் கலைந்துவிடும்.

நான் பார்த்ததில் மிகவும் பிடித்தது ஒரு சின்ன ஒழுங்கு. காட்டுப் பாதையில் ஒரு சாய்ந்த ஓக் மரம், அப்புறம் ஒரு பெரிய கல், அப்புறம் ஒரு பாலம் என்று நிற்கிற இடங்கள் உண்டு. பிள்ளை தனக்கு இஷ்டப்பட்ட வேகத்தில் ஓடலாம், ஆனால் அடுத்த இடத்தில் நின்று எல்லோரும் வரும்வரை காத்திருக்க வேண்டும். கையைப் பிடித்து இழுப்பது கிடையாது, "ஓடாதே" என்ற கத்தல் கிடையாது. என் மகன் முதல் வாரம் ஓக் மரத்தைத் தாண்டி ஓடினான், ஆசிரியை அதட்டவில்லை, பக்கத்தில் போய்த் திரும்பக் கூட்டிவந்து மரத்தின் மேல் அவன் கையை வைத்து, "இங்கே" என்று மட்டும் சொன்னார். பூங்காவில் இதை நாளைக்கே செய்யலாம். வாசல், ஆலமரம், தண்ணீர்க் குழாய் என்று மூன்று இடம் போதும்.

ஒன்று மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். "மோசமான வானிலை என்று ஒன்று கிடையாது, மோசமான உடைதான் உண்டு" என்று இங்கே ஒரு சொலவடை சொல்வார்கள். குளிருக்கு அது பொருந்தும். நம்மூர் மே மாத வெயிலுக்குப் பொருந்தும் உடை எதுவும் இல்லை. மகிழம்பூ சொன்னதுபோல் விடுமுறை விடுவதுதான் சரி.

தாம்பரம் டீச்சர்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லப் போகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தனியார் பள்ளியில் பதினோரு வருடமாக முதல் வகுப்பு எடுக்கிறேன். பெரும்பாலான பள்ளிகளில் எல்கேஜியிலேயே இடம் நிரம்பிவிடுகிறது. யூகேஜிக்கு வந்தால், யாராவது ஊர் மாறிப் போனால்தான் இடம். சேர்க்கைக்குப் பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துப் பார்க்கக் கூடாது என்று அதே கட்டாயக் கல்விச் சட்டம் சொல்கிறது, நடப்பது உங்களுக்கே தெரியும். ஆகவே ஒரு குறிப்பிட்ட பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று மனதில் இருந்தால், முதலில் அங்கே போய் யூகேஜி இடம் பற்றிக் கேட்டுவிட்டு அப்புறம் முடிவெடுங்கள். எந்தப் பள்ளியானாலும் சரி, அரசுப் பள்ளியானாலும் சரி என்றால் பயமே இல்லை.

எழுத்து பற்றிக் கவலை வேண்டாம் என்பேன். மூன்றரை வயதில் வரிவரியாக எழுத வைத்து, கை வலித்து, நோட்டைப் பார்த்தாலே அழுகிற பிள்ளைகள் என்னிடம் வருடா வருடம் வருகிறார்கள். அவர்களை மறுபடி பென்சில் எடுக்க வைக்க எனக்கு அரை வருடம் ஆகிறது. வாயால் நிறையப் பேசிய, நிறையக் கதை கேட்ட பிள்ளை ஆறு வயதில் எழுத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. அதனால் பூங்காவில் பேச்சு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் பேசுங்கள். செம்போத்து, அணில், மரவட்டை, சருகு, மொட்டு, பட்டை. இந்தச் சொற்களை எல்லாம் ஒன்றாம் வகுப்பில் நான் படம் காட்டிச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு உண்மையில் உறுத்துவது வேறு. காலை பத்து மணிக்குப் பிள்ளையை அழைத்துப் போக ஆள் இருக்கிற வீடுகளுக்குத்தான் இது முடியும். உங்கள் பூங்காவுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அங்கன்வாடி கட்டாயம் இருக்கும். அங்கே பலவற்றில் ஒரே ஓர் அறைதான், வெளியே ஆடப் பத்தடி மண் கூட இருக்காது. அங்கன்வாடிப் பணியாளரிடம் போய்ப் பேசுங்கள். வாரம் ஒரு நாள் அந்தப் பிள்ளைகளும் உங்களோடு பூங்காவுக்கு வரட்டும். ஒரு கூடுதல் கை கிடைத்தால் பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். உங்கள் ஆறு பிள்ளைகளுக்கும் அது நல்லது.

நர்ஸ் அக்கா:

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

நாய் கடித்தாலோ, தோல் கிழியும்படி நகம் பட்டாலோ, "சின்னதுதான்" என்று விடாதீர்கள். உடனே குழாய்த் தண்ணீரும் சோப்பும் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், பதினைந்து நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட ரொம்ப நேரம். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். அன்றைக்கே ஊசி போட வேண்டும், எல்லாத் தவணையும் முடிக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம். நாய் அருகில் வந்தால் ஓடாமல், கையை உடம்போடு ஒட்டி, மரம் மாதிரி அசையாமல் நிற்கப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகவே சொல்லிக் கொடுங்கள்.

நாய், பூனை அசிங்கம் செய்கிற மணலில் வெறுங்காலோடு விட வேண்டாம். கொக்கிப்புழு தோல் வழியாகவே ஏறும். ஆடுகிற மண்ணைத் தினமும் பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ ஒரு கேன் தண்ணீர் கட்டாயம். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பூச்சி மாத்திரை தருவார்கள், பள்ளியில் சேராத பிள்ளைக்கு அங்கன்வாடியில் வாங்கிக்கொள்ளலாம். டெங்கு பரப்புகிற கொசு பகலில்தான் கடிக்கும், காலையிலும் சாயங்காலமும் அதிகம். அக்டோபரிலிருந்து முழுக்கைச் சட்டை, முழுக்கால் பேண்ட்.

மாமியாரிடம் இந்த முன்னேற்பாட்டை எல்லாம் எடுத்துச் சொல்லுங்கள். அவர் பாதி பயம் அடங்கும்.

கண்ணாடிக்காரர்:

கண் பரிசோதனை வேலையில் இருப்பதால் ஒன்றே ஒன்று. கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி வாங்க வருகிற பிள்ளைகளின் வயது என் கண் முன்னாலேயே குறைந்துகொண்டு வருகிறது. சீனாவின் குவாங்சௌ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருடம் கழித்து, வெளியே விடாத பள்ளிகளில் நூற்றுக்கு 39-40 பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வெளியே விட்ட பள்ளிகளில் 30 பேருக்கு. தைவானில் 2010இலிருந்து பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியே வைப்பதைத் திட்டமாகவே நடத்துகிறார்கள். வெயிலில் காய வேண்டியதில்லை, மர நிழலில் இருக்கிற வெளிச்சமே அறைக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு. நீங்கள் வைத்திருக்கிற ஏழரை முதல் ஒன்பதே முக்கால் சரியான அளவு.

மாம்பலம் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் உட்கார வைத்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். நர்ஸ் அக்கா சொன்னது சரிதான், நாய், பூச்சி மாத்திரை, கை கழுவுகிற தண்ணீர் எல்லாம் கேட்டதும் மாமியார் முகம் மாறியது. "வாழை நார் நான் உரித்துத் தருகிறேன், உங்களுக்கு அது சரியாக வராது" என்றார்.

இதுவரை முடிவானது: டீச்சர் சொன்னபடி இரண்டு பள்ளிகளில் கேட்டோம். ஒன்றில் யூகேஜிக்கு வழியே இல்லை என்றார்கள். இன்னொன்று அரசு உதவி பெறும் பள்ளி, இடம் இருக்கும் என்றார்கள், அது போதும் எங்களுக்கு. பூங்காவின் மேற்கு மூலையை மட்டும் வைத்துக்கொள்கிறோம். சுற்றிப் பார்த்ததில் பெஞ்சுக்குப் பின்னாலேயே மஞ்சள் அரளி நிற்கிறது, மூன்று மாதமாக நாங்கள் யாரும் கவனிக்கவில்லை, நினைத்தால் இப்போதும் பதறுகிறது. இனி பெஞ்சு பக்கம் இல்லை, புங்க மரத்தடிதான். மழைக்கு ஒரு வீட்டின் கார் நிறுத்துமிடம். கடிதம் கொடுத்தாயிற்று, ஒப்புகையும் கையில் இருக்கிறது. மேயில் விடுமுறை.

அங்கன்வாடிக்கு நேற்றுத்தான் போனேன். பதினான்கு பிள்ளைகள், ஒரே அறை, மதியச் சாப்பாட்டுக்குத் தட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். பணியாளர் அம்மா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, மேலதிகாரியிடம் கேட்க வேண்டும் என்றார், அப்புறம் என்னைக் கதவு வரை கொண்டு வந்து விட்டு, "ரோடு கிராஸ் பண்ணணுமே, கயிறு பிடிச்சுக் கூட்டிட்டு வரலாமா?" என்று கேட்டார். மகிழம்பூ, கயிறு பிடித்து நடத்திப் பழக்கம் உண்டா உங்களுக்கு? எத்தனை அடிக் கயிறு, பிள்ளைகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி, முடிச்சுப் போட வேண்டுமா, இதை மட்டும் சொல்லுங்கள். திங்கட்கிழமை வாங்கிவிடுகிறேன்.

மகிழம்பூ:

பருத்திக் கயிறு வாங்குங்கள், நைலான் வேண்டாம், கை வழுக்கும். இரண்டு அடிக்கு ஒரு முடிச்சு. முடிச்சுதான் பிள்ளை பிடிக்கிற இடம். ஒரு கயிற்றுக்கு ஏழு பிள்ளைக்கு மேல் வேண்டாம், பதினான்கு பேருக்கு இரண்டு கயிறு. முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர், ரோடு கடக்கிறபோது வண்டி வருகிற பக்கம் இன்னொருவர். முதல் நாள் ரோட்டுக்கு வேண்டாம், அங்கன்வாடிக்குள்ளேயே கயிறைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி நடந்து ரயில் விளையாடுங்கள். கடைசி முடிச்சைப் பிடிக்கத்தான் எல்லோரும் சண்டை போடுவார்கள், அதை முறை வைத்துக் கொடுங்கள்.